கடுகு எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சமையல் சந்தேகங்கள் பகுதியில் அவிநாசி வாசகி ஒருவர் கேட்ட கேள்வியைப் படித்தேன். பக்கத்து வீட்டில் குடிவந்த வடமாநிலக் குடும்பம் ஒரு பாட்டில் கடுகு எண்ணெய் கொடுத்திருக்கிறது, மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறுகிறது, இதில் எப்படிச் சமைப்பது என்று கேட்டிருந்தார். மூட்டு வலிக்குத் தேய்க்கலாம், விளக்கு ஏற்றலாம், சமையலுக்கு இதற்குப் பதிலாக நல்லெண்ணெயோ ரீபைண்டு எண்ணெயோ ஊற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். எப்படிச் சமைப்பது என்று கேட்டவருக்கு எப்படிச் சமைக்காமல் இருப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. படித்து வந்த பதில் இல்லை, சட்டியைத் தீய்த்து வந்தது.

எங்களுக்கு அனுப்பர்பாளையம். வீட்டுக்காரர் பாத்திரப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பின்பக்கம் ஆறு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். கடைசி வீட்டில் நாலு வருஷமாக ஒடிசா குடும்பம். பலாங்கீர் பக்கம். தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறினால் நேரே திருப்பூரில் இறங்கலாமாம். புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் பனியன் கம்பெனி, அவர் ஓவர்லாக், அவள் செக்கிங். எங்கள் தெருவில் அவர்களை "இந்திக்காரங்க" என்பார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது இந்தியே கிடையாது என்று நானும் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் தமிழைக் கம்பெனியில் கற்றுக்கொண்டவள். அதனால் என்னை "அக்கா, நீ இங்க வா" என்றுதான் கூப்பிடுவாள். "வாங்கக்கா என்று சொல்லோணும் கண்ணு" என்று திருத்தினேன். இப்போது வீட்டுப் பூனையைக் கூட "வாங்க" என்கிறாள்.

கடுகு எண்ணெய்க்கு வருகிறேன். அவள் முதல் வருஷமே எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். நான் நல்லெண்ணெய் காய்ச்சுகிற பதத்தில் சட்டியில் ஊற்றி, லேசாகச் சுட்டதும் உளுந்து போட்டுத் தாளித்துக் கத்தரிக்காயைப் போட்டு வதக்கினேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "தலைவலித் தைலத்துல பண்ணினியா?" என்றார். பாட்டில் ஆறு மாசம் அலமாரியின் பின்னால் கிடந்தது. ஒருநாள் அவள் அடுப்பில் வைப்பதைப் பார்த்த பிறகுதான் என் தப்பு தெரிந்தது.

கடுகு எண்ணெயைச் சட்டியில் ஊற்றினால் அது நன்றாகக் காய்ந்து மெல்லிய புகை வரவேண்டும். அந்தக் கெட்டி மஞ்சள் நிறம் வெளுத்துத் தெளியும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷம் ஆறவிடவேண்டும். பிறகு மறுபடி பற்றவைத்துத் தாளிக்க வேண்டும். ஆறவிடாமல் சீரகத்தைப் போட்டால் கருகிக் கசக்கும். ஊறுகாய்க்குக் கடுகு பொடிக்கும்போது கண்ணில் நீர் வருகிறதே, இதுவும் அதே காரம்தான், சூட்டில் பறந்துவிடும். அடங்கிய பிறகு உருளைக்கிழங்குக்கும் கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் அது கொடுக்கிற வாசம் வேறு எண்ணெயில் வராது.

அந்தக் காரம் வேண்டும் என்றே பச்சையாக ஊற்றுவதும் உண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, அதன் மேல் அரை ஸ்பூன் கடுகு எண்ணெய். பருப்புப் பொடிச் சோற்றில் நாம் பச்சை நல்லெண்ணெய் ஊற்றவில்லையா?

அவிநாசி வாசகிக்கு நீங்கள் எச்சரிக்கை சொல்லியிருக்கலாம், அது வேறு. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து வந்ததில் உடம்பு வீங்கி 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரமதண்டு விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே கறுப்பாக உருண்டையாக இருக்கும். 2021 ஜூன் 8-லிருந்து கடுகு எண்ணெயில் வேறு சமையல் எண்ணெயைக் கலந்து விற்கவே கூடாது என்று மத்திய அரசு உத்தரவு இருக்கிறது. ஆகவே சில்லறையில் அளந்து ஊற்றுவதை வாங்காதீர்கள், சீல் உடையாத பாட்டிலாகத் தேதி பார்த்து வாங்குங்கள் என்று நாலு வரி போட்டிருந்தால் நானே கத்தரித்து ஒட்டி வைத்திருப்பேன்.

அடுத்தது கரடி. சிரிக்காதீர்கள், நான் நடுங்கியே போனேன். ஒரு மழைக்காலத்தில் "ஊர்ல இருந்து கரடி வந்திருக்கு அக்கா, சமைக்கப் போறேன்" என்றாள். அவர்கள் பக்கத்தில் மூங்கில் குருத்துக்குப் பெயர் கரடி. காயவைத்துப் புளிக்க வைத்ததற்கு ஹெந்துவா என்று வேறு பெயர். அவள் ஹெந்துவாவை அடுப்பில் வைத்த அன்று நாலாம் வீட்டுக்காரர் என்னிடம் வந்து "ஏனுங்க, ஏதோ செத்துக் கிடக்குது, பாருங்க" என்று புகார் சொன்னார். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுத்தால் ரோடு வரைக்கும் வரும், அதை யாரும் புகாராகச் சொன்னதில்லை. நான் அதைச் சொல்லிக்காட்டியதும் போய்விட்டார். அவர்களும் கருவாடு சாப்பிடுகிறவர்கள்தான். சுக்குவா என்கிறார்கள். காய்ந்த இஞ்சி நமக்குச் சுக்கு, காய்ந்த மீன் அவர்களுக்குச் சுக்குவா.

பச்சைக் குருத்தை அவள் சமைக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேல் உறையை உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை மெலிசாகச் சீவி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு "கசக்கும், வயிறு கெடும்" என்றாள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான். இரண்டிலும் சயனைடு விஷமாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது, வேகவைத்து நீரை வடித்தால் போய்விடும் என்று கல்லூரியில் வேதியியல் படித்த என் மகன் சொன்னான். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு இது கைப்பழக்கமாக இருக்கிறது. நாளைக்கே யாராவது உங்கள் பகுதிக்கு மூங்கில் குருத்து பற்றிக் கேட்டால், "இதற்குப் பதிலாக வாழைத்தண்டு" என்று பதில் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். மூங்கில் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு வாழைத்தண்டு என்ன உதவி செய்யும்?

மாற்றிச் சமைப்பதில் நானும் யோக்கியம் இல்லை. அவள் சொல்லிக் கொடுத்து தால்மா வைத்தேன். துவரம்பருப்போடு பப்பாளிக்காய், வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் போட்டு வேகவைத்து, நெய்யில் சீரகம் தாளித்து, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும் தூவி, தேங்காய்த் துருவல் போடுவது. புளி கிடையாது. முதல் தடவை அவள் சொன்னபடியே செய்தேன். இரண்டாம் தடவை கை சும்மா இருக்கவில்லை, ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளி கரைத்து ஊற்றி அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தவள், "நல்லா இருந்துச்சு அக்கா, சாம்பார்" என்றாள். நம் வாய்க்கு மாற்றிக்கொள்வதில் குற்றம் இல்லை. ஆனால் அப்புறம் அதைத் தால்மா என்று நான் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அவளுக்கும் நம் சமையல் எல்லாம் இறங்கிவிடவில்லை. அரிசிம்பருப்பு கொடுத்த அன்று "கேச்சுடி!" என்று சந்தோஷப்பட்டாள். கொள்ளு கடைந்து கொடுத்தால் "கொளத்த, எங்க ஊர்லயும் இருக்கு" என்பாள். ஆனால் நல்லெண்ணெய் வாசம் அவளுக்கு ஆகவே ஆகாது. புளிக்குழம்பில் மேலே மிதக்கிற நல்லெண்ணெயைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது விளக்குக்குத்தானே அக்கா?" என்றாள். உங்கள் பகுதியில் அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது. பலாங்கீரில் ஒரு பத்திரிகை, நல்லெண்ணெயை முட்டிக்குத் தேய்த்துக்கொண்டு கடுகு எண்ணெயில் புளிக்குழம்பு வையுங்கள் என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏப்ரல் வெயிலில் ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் அதற்குப் பகாள என்று பெயர். நாம் காலையில் சாப்பிடுவதை அவர்கள் கோடையில் உச்சி வெயிலுக்கு வைத்திருக்கிறார்கள். இரவு தண்ணீர் ஊற்றிப் புளித்தது பாசி பகாள, அன்றைக்கே வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் சஜ பகாள, தயிர் ஊற்றித் தாளித்தால் தஹி பகாள. பூரி ஜகந்நாதருக்கும் படைக்கிறார்கள். மார்ச் 20-ஐ அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். கோயிலில் தயிர்சோற்றைப் பகாளாபாத் என்பார்களே, அந்தச் சொல் அன்றிலிருந்து என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

அவள் அலுமினியக் கிண்ணத்தில் சாப்பிடுவதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. புளித்ததை அலுமினியத்தில் வைக்காதே என்றார். "ஊர்ல கன்சால சாப்பிடுவோம்" என்றாள். கன்சா என்றால் நம் வெண்கலம். பட்டறைக்காரர் ஆயிற்றே, உடனே பரணில் ஏறி என் மாமியார் காலத்து வெண்கலக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் துலக்கிக் கொடுத்தார். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பை வைத்தால் களிம்பு ஏறும், வெண்கலம் ஓரளவு தாங்கும், ஆனால் அதிலும் சாப்பிட மட்டும்தான், இரவெல்லாம் ஊறப்போடுவதற்கு மண்சட்டியோ எவர்சில்வரோதான் என்று ஒரு பாடமே எடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அந்தப் பாடம் எடுத்ததில்லை.

பகாளவுக்குத் தொட்டுக்கொள்ள அவள் வைத்திருந்தது படி. அளக்கிற படி இல்லை. உளுந்தை அரைத்து, வெண்பூசணித் துருவல் கலந்து, நன்றாக அடித்துக் கிள்ளி வைத்து வெயிலில் காயவைக்கிற வடகம். அதைப் பொரித்துப் பூண்டு, மிளகாயோடு கையால் நொறுக்கிச் சாப்பிடுவார்கள். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும் என்றிருந்த எனக்கு, இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கேட்பது ஒன்றே ஒன்று. பழக்கமில்லாத பண்டத்தைப் பற்றிக் கேள்வி வந்தால், அதைத் தினமும் சமைக்கிற ஒருவரிடம் கேட்டுப் பதில் போடுங்கள். திருப்பூரில் உங்கள் நிருபர் ஞாயிற்றுக்கிழமை தென்னம்பாளையம் சந்தைக்கு ஒருதரம் போனால் போதும். அங்கே பர்வல் விற்கிறது. நான் அதைக் கோவைக்காய் என்று நினைத்து வாங்கிவந்து பொரியல் செய்து பல் கூசிப் போனேன். முற்றிய காயில் விதையை எடுத்துவிட வேண்டும் என்று கூடை வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் நின்று வாங்கிய பீகார்ப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதிரிப் பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் சம்பளம் எவ்வளவு, ஊர் எது என்று எல்லாரும் கேட்கிறோம். என்ன சமைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அதோடு, எந்தக் குறிப்புக்கும் "தேவையான அளவு தண்ணீர்" என்று போடுவதையும் விடுங்கள். தேவையான அளவு தெரிந்தால் நாங்கள் ஏன் கேட்கப் போகிறோம்?

கடைசியாக என் சந்தேகம் ஒன்று. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவர்கள் பக்கத்தில் நுவாகாய், புது அரிசி சாப்பிடுகிற பண்டிகை. அதற்கு ஊருக்குப் போய்வந்தவள், எங்கள் வெண்கலக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று அது நிறையப் படி போட்டுக் கொடுத்தாள். எவர்சில்வர் டப்பாவில் மூடித்தான் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் நமுத்துவிட்டது, பொரித்தால் எண்ணெய் குடிக்கிறது. வெயில் தலை காட்டவில்லை. தோசைக் கல்லில் வறட்டலாமா, அடுப்பு மேல் கட்டித் தொங்கவிடலாமா? அவளைக் கேட்டால், "எங்க ஊர்ல மிச்சமே இருக்காது அக்கா" என்கிறாள். பதில் தெரிந்தவர் தங்கள் வாசகர்களில் இருப்பார். ஆனால் அவர் படி போட்டவராக இருக்கவேண்டும். அதற்குப் பதிலாக அப்பளம் பொரித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.