திகதியைப் பார்த்து வாங்கு

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் பெரிய சந்தோசம். கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. வாடை தொடங்குமுன் இயந்திர வேலையை முடிக்கவேணும் என்று கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் எல்லாரும் ஓடித்திரிகிறார்கள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய்: படகுக்குப் பழைய ஜீபிஎஸ் வாங்கலாமா, மீனவர் சங்கத்துக் கணக்குக்கு எப்படிப்பட்ட மென்பொருள் எடுப்பது. இரண்டுக்கும் பார்க்கவேண்டியது ஒன்றுதான். வாங்கிற அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும். வருசக்கணக்கில் ஓடின பிறகும், கரண்ட் பாதியில் நின்ற பிறகும் என்ன செய்கிறது என்று பார்.

ஜீபிஎஸ் செய்மதி, வாரத்தை எண்ணித்தான் திகதி சொல்கிறது. 1980 ஜனவரி 6இல் சுழியத்தில் தொடங்கிய எண்ணிக்கை அது. அதற்கு ஒதுக்கிய இடம் 10 பிட், அதாவது பத்து இரும இலக்கம்; அதில் 1023க்கு மேல் எண்ண முடியாது. 1023ஆம் வாரம் முடிந்ததும் திரும்பவும் சுழியம். 1999 ஓகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் திருத்தம் போடாத கருவி ஏறத்தாழ பத்தொன்பதரை வருசம் பின்னுக்குக் காட்டும். சில கருவிகள் அந்த 1024 வாரத்தைத் தங்கள் மென்பொருள் எழுதப்பட்ட காலத்திலிருந்து கணக்கிடும். அவற்றுக்குப் பிழை வருகிற நாள் வேறு.

திகதி பிழைத்தாலும் இடத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டும், அதனால் விற்கிறவர் "வேலை செய்யுது" என்பார். ஆனால் எந்தச் செய்மதி இப்போது தலைக்கு மேல் நிற்கும் என்று கருவி கணிப்பது திகதியை வைத்துத்தான். அது பிழைத்தால் செய்மதி பிடிக்க நேரமெடுக்கும், சில கருவிகள் பிடிக்காமலே நிற்கும். வற்றுப்பெருக்கு, சந்திரன் உதயம் எதையும் அதில் நம்ப முடியாது. வானம் தெரிகிற வெளியில் வைத்து, பற்றரியைக் கழற்றிப் போட்டு, கால் மணித்தியாலம் விட்டுத் திகதியைப் பார். பழைய வருசம் காட்டினால் விட்டுவிடு.

அளவு முறையையும் பார். திருகோணமலை நகரம் 8 பாகை 34 கலை வடக்கு; ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் தசமத்தில் 8.57. யாராவது அதை 8.34 என்று அடித்தால் 13 கடல் மைலுக்கு மேல் தெற்கே இழுத்துவிடும்.

விடாமல் ஓடும்போது வருகிற பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு 1991 பெப்ரவரி 25 போதும். சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணியது. பத்திலொன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது, 24 பிட்டோடு வெட்டியிருந்தார்கள். 100 மணித்தியாலம் நிற்காமல் ஓடியதில் 0.34 செக்கன் பிசகி, வந்த ஸ்கட் ஏவுகணையைப் பிழையான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அதிக நேரம் தொடர்ந்து ஓடினால் பிசகும் என்ற அறிவித்தல் நாலு நாளைக்கு முன்னரே போயிருந்தது, ஆனால் எத்தனை மணித்தியாலம் என்று அதில் இல்லை. எனக்கு மனம் ஆறாதது அதில்தான். ஆகவே சங்கத்துக்கு மென்பொருள் விற்க வருகிறவரிடம், எத்தனை நாள் நிறுத்தாமல் ஓடலாம் என்பதை எண்ணாகவே எழுதி வாங்கு.

பிறகு அவர் முன்னாலேயே சோதி. உண்மைக் கணக்கில் வேண்டாம், நகலில். யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்குகிற பற்றரிப் பெட்டி) இல்லாமல் 20 பற்றுச்சீட்டு அடி. 21ஆவதைச் சேமிக்க அழுத்தும்போதே பிளக்கைக் கழற்று. திரும்ப ஏற்றினால் இருபதும் அப்படியே இருக்கவேணும். 21ஆவது ஒன்றில் முழுதாக இருக்கவேணும், இல்லையென்றால் அறவே இருக்கக்கூடாது. மீன் நிறை பதிந்து காசு பதியாமல் நின்றால் அந்த மென்பொருள் வேண்டாம். ஒரு தடவையோடு விடாதே, கரண்ட் போகிற கணத்தைப் பொறுத்து முடிவு மாறும். நல்ல மென்பொருள் செய்யப்போவதை முதலில் டிஸ்கில் ஒரு குறிப்பாக எழுதி, அது இறங்கியது உறுதியான பிறகுதான் "சேமித்தாயிற்று" என்று காட்டும். மோசமானது, தரவு நினைவகத்தில் கிடக்கும்போதே காட்டிவிடும்.

பற்றுச்சீட்டை நேரத்தை வைத்து வரிசைப்படுத்துகிற மென்பொருளும் வேண்டாம், தொடர் இலக்கம் இருக்கவேணும். 2006 ஏப்ரலில் நாட்டு மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தபோது ஒரே அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது, ஞாபகம் இருக்கும்.

மாதம் ஒருக்கால் காப்பு நகலை வேறொரு கணினியில் திறந்து, மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று பொருளாளரைப் பார்க்கச் சொல்.

ஜீபிஎஸ்ஸுக்குக் காசு கொடுக்குமுன் திகதி தெரிகிற திரையையும் மென்பொருள் பதிப்பு இலக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. அந்தப் பதிப்புக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்