பழைய பெல்ட்டை அனுப்பவில்லை, பாப்பா

ஈசூன், சிங்கப்பூர்
தீபாவளிக்கு மறுநாள்

அன்புள்ள பாப்பா,

நேற்று அமெரிக்காவிலிருந்து போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். வீடு நிறைய ஆட்கள். உன் சித்தி முறுக்கு டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாள். "அப்பா, உங்க பழைய சேஃப்டி பெல்ட் இருக்கில்ல, அதை அனுப்புங்க, மான் வேட்டைக்கு மரத்துல ஏறும்போது நான் போட்டுக்கிறேன்" என்று நீ சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் பெல்ட் போட்டு வேலை பார்த்த என்னிடம் என் மகள் பெல்ட் கேட்கிறாள். ஆனால் அதை அனுப்ப மாட்டேன். ஏன் என்பதைப் போனில் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் தொங்கிய அந்த பெல்ட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். தோள்பட்டை நாடா நல்ல ஆரஞ்சு நிறமாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். இப்போது வெளுத்த துண்டு மாதிரி இருக்கிறது. மடித்தால் மடங்காமல் விறைத்து நிற்கிறது. தொடைப்பட்டையில் வெல்டிங் பொறி பட்டு உருகிய புள்ளி ஒன்று, மிளகு அளவுதான் இருக்கும், நகத்தால் கீறினால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. இரண்டு இடத்தில் தையல் பிரிந்திருக்கிறது. லேபிளில் தேதி அழிந்துபோயிருக்கிறது. நான் சூப்பர்வைசராக இருந்தபோது தேதி தெரியாத பெல்ட்டை எந்தப் பையனையும் மாட்ட விட்டதில்லை. கழித்துக்கட்டிய பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போடவும் மாட்டோம். வேறொருவன் எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடுவான் என்று துண்டு துண்டாக வெட்டித்தான் போடுவோம். அம்மாவின் பெரிய கத்தரியை வாங்கி நானும் அப்படியே வெட்டிவிட்டேன்.

சரி, புதிதாக ஒன்று இங்கிருந்து வாங்கி அனுப்பலாமே என்று நீ கேட்பாய். அதுவும் வேண்டாம். எங்கள் பெல்ட் சாரத்துக்கும் கப்பல் பக்கத்துக்கும் உள்ளது. அதில் வரும் லேன்யார்ட், அதாவது பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு, 1.8 மீட்டர் நீளம். விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க அதிலுள்ள ஒரு பை கிழிந்து அது இன்னும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். லேன்யார்ட் மாட்டும் முதுகு வளையத்துக்குக் கீழே உன் உடம்பு ஒன்றரை மீட்டர். கூட்டிப் பார், கொக்கி மாட்டிய இடத்திலிருந்து 4.3 மீட்டர் கீழே உன் கால் தொங்கும். மரத்தில் நீ உட்காரப்போகும் பரண் 16 அடி உயரம், ஐந்து மீட்டருக்குக்கூட வராது. வழியில் ஏணிக்கம்பி, கிளை எல்லாம் இருக்கிறது. தரையில் படாமல் தப்பித்தாலும், பரண் கைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்குவாய். மரத்தில் உட்காருகிறவர்களுக்கென்று செய்த பெல்ட்டில் முதுகிலிருந்து வரும் வார் குட்டையாக இருக்கும். மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டையைத் தலைக்கு மேலே கட்டி, நீ உட்கார்ந்திருக்கும்போதே அந்த வார் தொய்வில்லாமல் நிற்கும்படி மாட்ட வேண்டும். சறுக்கினால் சில அங்குலம்தான் இறங்குவாய், கையை நீட்டினால் பரண் எட்டும்.

பரண் என்று நான் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதே. ட்ரீ ஸ்டாண்ட் என்று நீ சொன்னதும் எனக்கு முதலில் வந்த சொல் அதுதான். உன் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் கடலைக்காட்டில் பன்றி விரட்டப் பரண் மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாராம். அப்பத்தா சொல்லுவாள்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். இதுவரை நான் உன்னிடம் சொன்னதில்லை.

1993. நான் அப்போது சாரக்காரன்தான், சூப்பர்வைசர் இல்லை. ஒரு கப்பல்பட்டறையில் வேலை. என் ஜோடியாக வேலை பார்த்தவனும் புதுக்கோட்டைக்காரன், ஒரே பெட்டியில் சோறு தின்றவர்கள் நாங்கள். பெல்ட் போட்டிருந்தான், நல்ல பெல்ட். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே கொக்கிதான். செங்குத்துக் குழாய் ஒன்றைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்றி, தாண்டிப் போய், மறுபடி மாட்ட வேண்டும். கழற்றினான். கீழேயிருந்து கிளாம்ப் கொடுத்தார்கள், அதை வாங்கத் திரும்பினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாப்பா. ஆறு மீட்டர் உயரம். கீழே ஓடிப் போனபோது கொக்கி அவன் கையிலேயே இருந்தது, விரல் மடங்கி அதைப் பிடித்திருந்தது. உயிர் பிழைத்தான். முதுகெலும்பு போய்விட்டது. படுக்கையிலேயே ஊருக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் இரண்டு கொக்கி லேன்யார்ட் கேட்டுக் கேட்டு அலைந்தேன். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுவது. இன்று இங்கே அது சாதாரண விஷயம். 2013இல் உயரத்தில் வேலை செய்வதற்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருக்கிற இடத்தில் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது. நீ ஏறப்போவது அதையும் தாண்டிய உயரம், அதுவும் விடியாத இருட்டில், உறைந்த ஏணியில், பெர்மிட் பார்க்க யாரும் இல்லாத காட்டில்.

மரத்திலும் ஆட்கள் அதிகமாக விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நிமிடத்திலும்தான். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டுகிற பெல்ட், அதற்கு முன்னால் உன்னைக் காப்பாற்றாது. அதனால் பெல்ட்டோடு சேர்த்து லைஃப்லைன் வாங்கு. பரணுக்கு மேலே மரத்தில் ஒரு முனை, அடிமரத்தில் மறுமுனை, ஏறக்குறைய 30 அடிக் கயிறு. அதில் ஒரு சின்னக் கயிறு முடிச்சாகச் சுற்றியிருக்கும், புருசிக் முடிச்சு என்பார்கள். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் உலகத்துக்குக் காட்டிய முடிச்சு. கையால் தள்ளினால் கயிற்றில் நகரும், உடம்புப் பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே உன் வாரை அதில் மாட்டிவிடு. ஏற ஏற முடிச்சை மேலே தள்ளிக்கொண்டு போ, எப்போதும் தலைக்கு மேலேயே இருக்கட்டும். மேலே போய் எதையும் கழற்ற வேண்டியதில்லை. இறங்கித் தரையில் இரண்டு காலும் ஊன்றிய பிறகு கழற்று. சின்னக் கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும், அதனால் செட்டில் வந்ததை மாற்றி வீட்டில் கிடக்கிற கயிற்றைக் கட்டாதே.

எவ்வளவு விலை என்று கேட்காதே. பெல்ட்டுக்கும் லைஃப்லைனுக்கும் நான் பணம் அனுப்புகிறேன். தீபாவளிக் காசு என்று வைத்துக்கொள்.

சம்பந்தி தம் அப்பா வைத்திருந்த இடுப்பு பெல்ட்டைத் தருவதாகச் சொன்னார் என்றாயே, அன்பாகத்தான் சொல்லியிருப்பார். அதை வாங்கிக்கொள், ஆனால் மாட்டாதே. இடுப்பில் மட்டும் பிடிக்கிற பெல்ட்டில் விழுந்தால் உடம்பு இரண்டாக மடியும், வயிறும் விலா எலும்பும் முழு அடியையும் வாங்கும், மூச்சு விட முடியாது, தலைகீழாக நழுவியும் போகலாம். அமெரிக்காவிலேயே வேலையிடங்களில் விழுவதைத் தடுக்க இடுப்பு பெல்ட் கட்டுவதை 1998 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் சொல், அவர் தம் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு தொடை, இரண்டு தோள், மார்பு எல்லாவற்றையும் பிடிக்கிற முழு பெல்ட்தான் வேண்டும்.

பரண் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு பெல்ட் வந்திருக்கும். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் அது வெறும் நாடாக்கூட்டம், இருட்டில் எது தோள் எது தொடை என்று தெரியாமல் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் நீ ஒரு நாள் "இன்னைக்கு மட்டும்" என்று போடாமல் ஏறுவாய். எத்தனையோ பையன்கள் அப்படி ஏறி நான் திட்டியிருக்கிறேன். கோட் மாதிரிக் கை நுழைத்துப் போடுகிற வெஸ்ட் வகையாகப் பார். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் விதிப்படி சோதித்தது என்று லேபிளில் இருக்க வேண்டும். எடையையும் பார்த்துக்கொள். எல்லோரும் அதிகபட்சத்தைத்தான் பார்ப்பார்கள். பல பெல்ட்டுகளில் 130 முதல் 300 பவுண்டு என்று போட்டிருக்கும். நீ 54 கிலோ, 120 பவுண்டைத் தொடவில்லை. உன் எடைக்கும் அளவுக்கும் பொருந்துகிற சின்ன சைஸ், பெண்களுக்கென்று வெட்டியது கிடைக்கும், அதையே தேடு. கடைக்குப் போகும்போது நவம்பர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ. சட்டை மேல் சரியாக இருப்பது குளிர்க்கோட் மேல் எட்டாது. தொடைப்பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய கை நுழையக் கூடாது. பக்கிளைக் கையுறையோடு பூட்டித் திறந்து பார். இரும்பு இரும்போடு உரசிச் சத்தம் போட்டால் மான் ஓடிவிடும் என்று மாப்பிள்ளை சொல்வார், அதையும் கேட்டுக்கொள்.

இன்னொன்று, பெல்ட் பிடித்து நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதே. அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை ரத்தக்குழாயை அழுத்தி ரத்தம் காலிலேயே தங்கிவிடும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். எங்கள் பயிற்சியில் இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். காலை ஊன்றி எழுந்து நிற்க ஒரு வளையப்பட்டை பெல்ட்டோடு வரும். அதைப் பையின் அடியில் போடாதே, கை எட்டுகிற பாக்கெட்டில் வை. போன், விசில் இரண்டும் மார்புப் பாக்கெட்டில் இருக்கட்டும். முதல் தடவை காட்டில் வேண்டாம். வீட்டுப் பின்னால் ஒரு மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க, தொங்கிப் பார். பட்டையில் கால் நுழைத்து எழு. தொங்கினால் எப்படி இருக்கும் என்று உன் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்தது தேசிய சேவையில் தூக்கிய எம்16 மட்டும்தான். ஆனால் கையில் சாமான் வைத்துக்கொண்டு ஏணி ஏறக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். குண்டை வெளியே எடுத்துவிட்டுக் காலியான துப்பாக்கியைக் கீழே கயிற்றில் கட்டிவிட்டு நீ ஏறு, உட்கார்ந்து எல்லாம் சரியான பிறகு மேலே இழுத்துக்கொள்.

பெல்ட் வந்ததும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. சீசன் முடிந்ததும் வெயில் படாத இடத்தில் வை, மரத்திலேயே லைஃப்லைனை விட்டுவிட்டு வராதே, அணில் கடிக்கும், வெயில் தின்னும். ஐந்து வருஷம் ஆனால் மாற்று. ஒரு தடவை விழுந்து அது பிடித்தது என்றால் அன்றைக்கே வெட்டிப் போடு.

அம்மா இன்னும் மானைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது அவளுக்கும் உனக்கும் உள்ள விஷயம், நான் நடுவில் வரவில்லை.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் மான் வேட்டை சீசன் ஆரம்பம் என்று சொன்னாய். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை மாப்பிள்ளையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. உனக்குக் காலை நாலரை என்றால் எனக்குச் சாயங்காலம் ஆறரை, முழித்துத்தான் இருப்பேன். கீழே நின்று வாரை மாட்டியதும் "மாட்டிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடு. நீ இறங்கும் நேரம் எனக்கு மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் இருக்கும். அப்போது கோப்பிக்கடையில் இருப்பேன், போன் கையில்தான் இருக்கும். இறங்கியதும் இன்னொரு மெசேஜ்.

அன்புடன்,
அப்பா