பாப்பா, உன் மனுவ படிச்சேன்

பாப்பா,

நீ வாட்ஸப்ல அனுப்புன லெட்டர தம்பி பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து குடுத்தான், ரெண்டு நாளா வச்சு வச்சு படிச்சேன். அம்மாவுக்கு என்ன புரியப்போகுதுன்னு நினைச்சிருப்ப, நான் டைப்ரைட்டிங்ல இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணவடி, அர்த்தம் புரிய லேட் ஆகுமே தவிர எழுத்தெல்லாம் பழக்கம்தான். போன்ல பேசுனா நீ அழுவ, நான் வாய மூடிக்குவேன், அதான் டைப் பண்றேன். தப்பு இருந்தா கண்டுக்காத, இந்த போன் கீபோர்டுல விரலுக்கு இடமே இல்ல.

உன் நாவல பதிப்பகத்துக்கு வித்துக் குடுக்கச் சொல்லி லண்டன்ல 41 ஏஜென்டுக்கு இந்த லெட்டர அனுப்பியிருக்க. 23 பேர் பதிலே போடல, 16 பேர் ரெண்டு வரில வேணாம்னுட்டாங்க, ரெண்டு பேர் மட்டும் முழு நாவலையும் கேட்டு வாங்கி படிச்சுட்டு அப்புறம் வேணாம்னுட்டாங்க. அதுல பல பேர் 'கதை மேல எனக்கு காதல் வரல'ன்னு ஒரே மாதிரி எழுதியிருந்தாங்கன்னு நீ சொன்னப்ப சிரிப்பு வந்துடுச்சு, கோவிச்சுக்காத. கலெக்டர் ஆபீஸ்ல அந்த காலத்துல 'தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல'ன்னு சைக்ளோஸ்டைல் எடுத்து கட்டா வச்சிருப்பாங்க, பேர மட்டும் பேனால எழுதுவாங்க. அது கைக்கு வந்தா நம்ம ஆளுங்க அழுவாங்க, நான் சொல்லுவேன், இது உங்கள பத்தி எழுதுனதே இல்ல, அடுத்த மனு போடலாம் உக்காருங்கன்னு. உன் 16ம் அதே கட்டுதான்.

நாகப்பட்டினம் தனி ஜில்லா ஆன 91லேருந்து நான் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு எதிர்ல டைப்ரைட்டர வச்சுக்கிட்டு மனு அடிச்சுக் குடுக்க உக்காந்தவ, உனக்கு தெரியும், ஸ்கூல் விட்டு வந்து என் ஸ்டூலுக்கு கீழதான் ஹோம்வொர்க் எழுதுவ. திங்கக்கிழமைன்னா மனுநாள், காலைல ஏழு மணிக்கே ஆள் வந்துடும். வர்றவங்க யாரும் நேரா விஷயத்துக்கு வரமாட்டாங்க, எங்க தாத்தாவுக்கு ரெண்டு சம்சாரம், மூத்த தாரத்துக்கு மூணு பசங்கன்னு ஆரம்பிப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசில நான் ஒண்ணுதான் கேப்பேன், இப்ப உங்களுக்கு என்ன நடந்துச்சு, என்ன வேணும்? அவங்க சொல்ற அந்த ஒரு வாக்கியம்தான் 'பொருள்'னு போட்டு மேல வரும். உள்ள இருக்கற கிளார்க் அன்னிக்கு நூத்துக்கணக்குல மனு பாக்கறவரு, பொருள படிச்சுதான் எந்த மேஜைக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணுவாரு, தாத்தா கதைய அவரு படிக்கவே மாட்டாரு.

இப்ப உன் லெட்டர பாரு. முத பாரால சின்ன வயசுலேருந்து எழுத்தாளர் ஆகணும்னு கனவுன்னு இருக்கு. ரெண்டாவதுல இந்த நாவல் நினைவு, இழப்பு, புலம்பெயர்வு எல்லாத்தையும் ஆராயுதுன்னு இருக்கு. மூணாவதுல உன் டிகிரி, உன் கவுன்சில் வேலை. கடைசில உங்க நேரத்த எடுத்துக்கிட்டதுக்கு மன்னிக்கணும்னு வேற. ஏன்டி, கொட்டாய் எங்க? புயல் எங்க? ஆபரேட்டர் எங்க? லெட்டர் முழுக்க தேடுறேன், ஒரு ஆள் கூட இல்ல.

எனக்கு சொன்னப்ப நீ இப்படியா சொன்ன? 77 நவம்பர்ல புயலடிச்ச ராத்திரி, வேதாரண்யத்து பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ், மழைல ஆட்டம் கேன்சல், விடிஞ்சு பாத்தா கொட்டாயும் இல்ல ஆபரேட்டரும் இல்ல, உப்பளத்து மொதலாளியோட பணப்பெட்டியும் இல்ல, ஊரே அவன திருடன்னு சொல்லுது, பொண்டாட்டி மட்டும் பொணத்த பாக்காம தாலிய கழட்ட மாட்டேங்கறான்னு சொன்னியே, அன்னிக்கு நான் அடுப்புல பால பொங்க விட்டுட்டேன். அத எழுது. அதுதான் பொருள். உன் கனவெல்லாம் கடைசில ஒரு வரி போதும்.

இன்னொண்ணு, கதைச்சுருக்கம்னு ஒரு பக்கம் கேக்கறாங்கல்ல, அதுல முடிவ மறைச்சு வச்சிருக்க, சுவாரசியம் போயிடும்னு. அந்தப் பக்கத்த கேக்கறதே நீ கதைய ஒழுங்கா முடிச்சிருக்கியான்னு பாக்கத்தான், அங்க போய் சஸ்பென்ஸ் வச்சா எப்படி? பணப்பெட்டி எங்க இருந்துச்சுன்னு அதுல சொல்லிடு. அப்புறம் 1,48,000 வார்த்தைன்னு போட்டிருக்க, முத நாவல்னா 80,000லேருந்து ஒரு லட்சத்துக்குள்ளதான் அங்க விரும்புவாங்கன்னு நீயேதான் சொன்ன. நம்பர பாத்த உடனே ஒதுக்கி வச்சவங்களும் அந்த 41ல இருப்பாங்க.

முழுசா படிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் நடுவுல கதை நின்னு போச்சுன்னு ஒரு பாரா எழுதியிருக்காருல்ல, அந்த பாராதான் எனக்கு பெருசா தெரியுது. கிளார்க் மனு ஓரத்துல பென்சில்ல எதாவது குறிச்சு திருப்பி அனுப்புனா நாங்க சந்தோஷப்படுவோம், ஒருத்தர் உக்காந்து படிச்சிருக்காருன்னு அர்த்தம். அமெரிக்கால காத்ரின் ஸ்டாக்கெட்னு ஒரு எழுத்தாளர 60 ஏஜென்ட் மாட்டேன்னு சொல்லி 61வது ஆள் எடுத்துக்கிட்டாங்களாம், தம்பி உனக்கு ஆறுதல் சொல்ல கண்டுபிடிச்சு வச்சிருக்கான். ஆனா அவங்க மாட்டேன்னு வர வர உக்காந்து திருத்திக்கிட்டே இருந்தாங்களாம், நீ ஒரே லெட்டர 41 பேருக்கு அனுப்பியிருக்க. இனிமே அஞ்சஞ்சு பேரா அனுப்பு, என்ன வருதுன்னு பாத்து மாத்து.

அந்த காசு கேட்ட ஆள் விஷயம். உங்க நாவல் தேர்வாயிடுச்சு, 2,000 பவுண்டு கட்டுனா புக்கா போட்டுடலாம்னு மெயில் வந்துச்சுன்னு சொன்னல்ல, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. உன் குரல்ல கட்டிடலாமான்னு ஒரு இழுப்பு இருந்துச்சு. கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு பட்டா வாங்கித் தரேன்னு முன்பணம் வாங்கறவங்கள 30 வருஷம் பாத்திருக்கேன், எல்லாரும் நல்லா பேசுவாங்க, மொத ஆளா காப்பி வாங்கிக் குடுப்பாங்க. ஒழுங்கான ஏஜென்டு புக்கு வித்தாத்தான் 15 சதவீதம் எடுப்பாரு, வெளிநாட்டு உரிமைன்னா 20, அதுக்கு முன்னாடி படிக்கறதுக்குன்னு ஒத்த பைசா கேக்கமாட்டாருன்னு நீதானே எனக்கு பாடம் எடுத்த. நிலத்து புரோக்கராவது ரெண்டு பக்கமும் வாங்குவாரு, இவங்க எழுதுனவங்க பக்கம் மட்டும்தான், அது கூட நியாயமாத்தான் தெரியுது.

ஏஜென்டே வேணாம், தமிழ்ல மாதிரி நேரா பதிப்பகத்துக்கே போயிடவான்னும் கேட்ட. அங்க பெரிய பதிப்பகம் பலதும் ஏஜென்ட் இல்லாம வந்தா கவரையே பிரிக்கறதில்லன்னு நீதான் சொல்ற, அப்புறம் எங்க போறது. ஆர்.கே. நாராயணுக்கு ஆக்ஸ்போர்டுல ஒரு பிரண்டு இருந்தாரு, தன் மொத நாவல எல்லா எடத்துலயும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு நாராயண் நொந்து போய் அத கல்ல கட்டி தேம்ஸ் ஆத்துல போட்டுடுன்னு எழுதிட்டாரு, அந்த பிரண்டு ஆத்துல போடாம கிரகாம் கிரீன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர் கிட்ட கொண்டு போய் காட்டுனாரு, 1935ல புக்கா வந்துச்சு. உனக்கு லண்டன்ல அப்படி தூக்கிட்டு ஓட ஒரு ஆள் இல்ல, அதுக்குத்தான் ஏஜென்ட். காசுக்கு வர்ற பிரண்டுன்னு வச்சுக்கயேன்.

மாப்பிள்ளைக்கு உடம்பு தேவலையா? வடாம் காய்ஞ்சுடுச்சு, அடுத்த மாசம் வர்றவங்க கிட்ட குடுத்து விடுறேன். புது லெட்டர் எழுதுனா 42வது ஆளுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மேல போனா படிக்கமாட்டேன்.

ஆங், மறந்துட்டேன். மூணாவது அத்தியாயத்துல ரெண்டு ப்ரொஜெக்டர் மாத்தி மாத்தி ஓடுச்சுன்னு எழுதியிருக்க. டூரிங் கொட்டாயில ஏதுடி ரெண்டு? ஒண்ணுதான். ரீல் முடிஞ்சா லைட்ட போட்டுட்டு அடுத்தத மாட்டுவாங்க, அதுக்குள்ள முறுக்குக்காரன் ஒரு சுத்து வந்துடுவான். அத மாத்திடு.

அம்மா