பியெய் வயல்களுக்குள் இறங்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நகாஃபுரானோ, பியெய் ஊர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் கணவரும் ஒரு ஜூலையில் அங்கே போய் வந்தவர்கள் என்பதால் ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை, ஒன்றைத் தவிர. பூத்திருக்கும் உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் கையை விரித்து நிற்கிறாரே, அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் கிழங்கு போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. 1961-இல் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு என்ன பாடு படுத்தியது என்று இங்கே பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெண் புழு செத்தாலும் அதன் உடம்பு இறுகி, நூற்றுக்கணக்கான முட்டைகளுக்குக் கூடாகிவிடும். அந்தக் கூடு மண்ணுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிய மண் போதும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். இதே புழு ஹொக்கைடோவிலும் உண்டு. அதனால்தான் பியெயில் வயலோரங்களில் 'உள்ளே வராதீர்கள்' என்று பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தவர் கண்ணில் அது படவில்லை போலும்.

பியெயின் குன்றுகள் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிவதை 'இயற்கையின் ஓவியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இயற்கைக்கு அதில் பாதிப் பங்குதான். ஒரே நிலத்தில் வருடா வருடம் கிழங்கு போட்டால் நோய் வரும் என்று கோதுமை, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு, பயறு என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அந்தப் பயிர்ச் சுழற்சிதான் அந்த வண்ணம். அங்கே 'தத்துவ மரம்' என்று பேர் பெற்ற, சாய்ந்து நின்ற பாப்லர் மரம் ஒன்று இருந்தது. அதைப் படமெடுக்க வந்தவர்கள் வயலுக்குள் புகுந்துகொண்டே இருந்தார்கள். நிலத்துக்காரர் மரத்தின் மேலேயே பெருக்கல் குறி போட்டுப் பார்த்தார், பயனில்லை. மரமும் வயதாகி நலிந்திருந்தது. 2016 பிப்ரவரியில் வெட்டிவிட்டார். 2025 ஜனவரியில் சாலையோரம் வரிசையாக நின்ற சுமார் 40 வெள்ளை பிர்ச் மரங்களும் போயின. பயிர் மேல் நிழல் விழுகிறது என்பது ஒரு காரணம், வண்டிகளை நிறுத்தி வழியை அடைக்கும் கூட்டம் இன்னொன்று.

லாவெண்டரின் கதையைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. நகாஃபுரானோ விவசாயி டோமிதா தடாவோ 1958-இல் அதைப் பயிரிட்டது வாசனை எண்ணெய்க்காக, யாரும் வந்து பார்ப்பதற்காக அல்ல. 1970-களின் தொடக்கத்தில் செயற்கை வாசனைப் பொருளும் மலிவான இறக்குமதியும் வந்ததும் விலை படுத்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் செடியை உழுது போட்டார்கள். இவருக்கு மட்டும் மனம் வரவில்லை. நெல்லில் வந்த வருமானத்தில் இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று வைத்திருந்தார். 1976-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் நாட்காட்டியில் அந்த வயலின் படம் வந்தது. அப்புறம்தான் ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். இன்றும் அவருடைய பண்ணையான ஃபார்ம் டோமிதாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எண்ணெய், சோப்பு, லாவெண்டர் ஐஸ்கிரீம் என்று விற்பதில்தான் ஓடுகிறது. (அந்த ஐஸ்கிரீம் எனக்குச் சோப்பு வாசம் அடித்தது. கணவர் இரண்டு வாங்கினார்.)

சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. அங்கே சைவம் கிடைப்பது சிரமம், சோபா நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில்கூட மீன் இருக்கும். ஆனால் விவசாயிகள் நேரடியாக விற்கும் கடைகளுக்குப் போனால் கவலையே வேண்டாம். அவித்த சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, தக்காளி, ஆரஞ்சு நிறச் சதையுள்ள முலாம்பழம் எல்லாம் உண்டு. அந்தக் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு ஊட்டிக் கிழங்கின் பெருமையைக் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். ஊர்க்காரர்கள் கையில் நம் காசு போய்ச் சேரும் இடமும் இந்தக் கடைகள்தான். அப்படியிருக்க, படம் எடுக்கும் இடங்களை மட்டும் வரிசையாகச் சொல்லி விட்டுவிட்டால் எப்படி?

'ஆகஸ்டில் போகலாம்' என்பதும் சரியல்ல. லாவெண்டர் நன்றாகப் பூத்திருப்பது ஜூலை நடுவில். ஆகஸ்ட் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அறுத்திருப்பார்கள். நம் பள்ளி விடுமுறையில், மே மாதம் போகிறவர்களுக்கு லாவெண்டர் கிடைக்காது. அவர்கள் அதே தீவின் கிழக்கே உள்ள காமியூபெட்சு துலிப் பூங்காவுக்குப் போகலாம். ரயிலில் போவதானால் அசாஹிகாவாவிலிருந்து ஃபுரானோ பாதையைப் பிடிக்க வேண்டும், சீசனில் லாவெண்டர் வயலுக்குப் பக்கத்திலேயே தற்காலிக நிலையம் ஒன்றும் திறந்திருக்கும். ஃபுரானோவிலிருந்து ஷிந்தோகு வரை போன ரயில் பாதையை 2024 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த இதழில் மாதத்தைத் திருத்தி ஒரு குறிப்புப் போடுங்கள். இணையப் பதிப்பில் அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். சாலையோரத்திலிருந்து எடுத்த படம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, கோத்தகிரி