அம்மிணிக்கு, குளத்துக்குக் குழி தோண்டும் முன்னால்

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய குளத்துப் படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். பொடக்காளியில் கட்டுத்தரை இருந்த இடத்தில் கோய் மீன் விடுவதில் எனக்கும் ரொம்ப ஆசை. லீவுக்கு வரும்போது அப்புச்சி வீட்டில் மீன் இருக்கும் என்று பாப்பாவிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிறபடி கட்ட வேண்டாம் கண்ணு. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்று போகிறது, அதனால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சாவகாசமாகப் படியுங்கள்.

படத்தில் குளம் 12 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி ஆழம். கரையெல்லாம் சரிவு, அடியில் கூழாங்கல், மூலையில் ஓர் அருவி. ஃபில்டர் என்று ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கணக்குப் போட்டால் மொத்தமே 5,400 லிட்டர்தான்; சரிவைக் கழித்தால் இன்னும் குறையும். கோய் என்பது கெண்டை இனம். கடையில் விரல் நீளத்தில் இருக்கிற குஞ்சு நல்ல தண்ணீரில் இரண்டு அடி வரை வளரும், 25, 30 வருசம்கூட உயிரோடு இருக்கும். பாப்பா கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் அந்த மீன் இங்கே இருக்கலாம். அதற்கு ஏற்றபடி வீடு கட்ட வேண்டாமா?

என் யோசனை 15 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழம். ஏறத்தாழ 21,000 லிட்டர் பிடிக்கும். ஆழத்தில் மட்டும் கை வைக்காதே. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இரண்டு அடித் தண்ணீர் மத்தியானத்துக்குள் சூடேறிவிடும். கோய்க்கு இதமான சூடு 18 முதல் 25 டிகிரி. 30-ஐத் தாண்டினால் திணறும். தண்ணீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டிய நேரத்தில்தான் தண்ணீரில் அது குறைவாக இருக்கிறது. ஐந்து அடி ஆழமும் மேற்கு வெயிலுக்கு ஒரு பந்தலும் இருந்தால் அடித்தண்ணீர் தாங்கும். சுவர் செங்குத்தாக இருக்கட்டும். சரிவு விட்டால் கொக்கு இறங்கி நின்று ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போய்விடும்.

இனி ஃபில்டர். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். திருப்பூரில் சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்த்தே உன்னைப் படிக்க வைத்தேன். 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப் பட்டறைகளை மூடியபோது வீட்டில் என்ன நிலைமை என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நொய்யல் எப்படி ஆனது என்பதையும் பார்த்தவன் நான். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரை எடுத்து டெஸ்ட் பண்ணினால் உயிர் தங்க முடியாததாக இருக்கும். தெளிவை வைத்துத் தண்ணீரை நம்புகிற பழக்கம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் தாங்கும், செடி விரும்பிக் குடிக்கும். நீ வாங்குகிற ஃபில்டர் பெட்டி வெறும் பெட்டிதான். வேலை செய்வது அதற்குள் குடியேறுகிற இந்தப் பாக்டீரியாதான். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அதற்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும், தண்ணீரில் இருக்கிற காரத்தன்மையிலும் 7 கிராம் போகும். நாங்கள் ஏரேஷன் டேங்கில் ராத்திரி பகலாகக் காற்று ஊதியது இதே மாதிரி பாக்டீரியாவைக் காப்பாற்றத்தான். அதனால் ஃபில்டருக்கு இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் குளத்தை வரையச் சொல். குளத்துப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது ஃபில்டர் தொட்டிக்கு வேண்டும்.

அமைப்பு இப்படி இருக்கட்டும். குளத்தின் தரை நடுவை நோக்கிச் சரிந்து வர வேண்டும். நடுவில் அடி வடிகால், அதிலிருந்து நாலு அங்குல பைப் கான்கிரீட்டுக்கு அடியில் ஓடி ஃபில்டர் தொட்டிக்குப் போக வேண்டும். குளமும் தொட்டியும் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மோட்டாரை ஃபில்டருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் மீன் கழிவை அரைத்துக் கூழாக்கிவிடும், பிறகு எந்த வலையும் அதைப் பிடிக்காது. முதல் அறையில் தண்ணீர் மெதுவாகச் சுற்றி வண்டல் கீழே படிய வேண்டும்; அங்கே பிரஷ்களும் தொங்கட்டும். இரண்டாவது அறையில் கே1 என்கிற சின்னப் பிளாஸ்டிக் உருளைகளைப் போட்டு அடியிலிருந்து காற்று விட வேண்டும். பாக்டீரியா அதில்தான் ஒட்டி வளரும். மூன்றாவது அறையில் மோட்டார். அங்கிருந்து யு.வி. விளக்கு வழியாக ஏறி அருவியாகக் குளத்தில் விழட்டும். அருவி கூடாது என்று நான் சொல்லவில்லை, அது காற்றைக் கலக்கும். யு.வி. விளக்கு மிதக்கிற பச்சைப் பாசியைத்தான் கொல்லும், சுவரில் படிகிற நூல் பாசியை ஒன்றும் செய்யாது. வருசத்துக்கு ஒரு முறை பல்பு மாற்ற வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் வீரியம் போயிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரும் ஃபில்டர் வழியாக வந்து போக வேண்டும் என்றால், மணிக்கு 11,000 லிட்டராவது தள்ளுகிற மோட்டார் வேண்டும்.

கூழாங்கல் கண்டிப்பாக வேண்டாம். கழிவெல்லாம் கல்லுக்கு இடையில் போய் உட்கார்ந்து அங்கேயே அழுகும். வடிகால் வைத்துப் பிரயோஜனம் இல்லாமல் போகும்.

மேல்பரப்பு இலை தழையை இழுக்கிற ஸ்கிம்மரைக் கிழக்குச் சுவரில் வைக்க வேண்டும். படத்தில் மேற்கே போட்டிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காத்து பக்கத்துத் தோட்டத்து வேப்பிலையை எல்லாம் கிழக்கு மூலைக்குத்தான் ஒதுக்கும். ஐப்பசி மழைக்கு நிரம்பி வழிய ஒரு பைப், அதன் வாயில் வலை. சுவரைத் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி எழுப்பிவிடலாம். தோட்டத்து உரமும் மருந்தும் கரைந்து உள்ளே வராது. பாப்பா வந்திருக்கும் நாளில் மேலே போட இரும்பு வலைச் சட்டம் ஒன்றும் செய்கிறேன். அதில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்.

நம் இடம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் செங்கல் சுவர் போதாது. அடியில் சல்லி பரப்பி, இரண்டு பக்கமும் கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டும். புதுக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏறும். இது சாதாரண விசயம் இல்லை. 25 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8 ஆனால் ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் நன்றாக நனைத்து ஆறவிட்டு, மீனுக்குக் கெடுதல் இல்லாத எப்பாக்சி பூசி, சில முறை தண்ணீர் நிரப்பி இறக்க வேண்டும்.

தண்ணீரை வீணாக்குகிறோம் என்று உனக்கு வெசனம் இருக்கும், எனக்கும் இருந்தது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024-ல் வந்தாலும் நம் பக்கம் தண்ணீரின் அருமை மாறிவிடவில்லை. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் 2,000 லிட்டர். வடிகால் திறந்து அதைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சிவிடுவேன். அந்த மரங்களுக்கு எப்படியும் விட வேண்டிய தண்ணீர்தானே, நைட்ரேட்டோடு போகட்டும். போர் தண்ணீர் உப்புச் சப்பையானாலும் காரத்தன்மை இருப்பதால் பாக்டீரியாவுக்கு நல்லது. காற்றுப் படவிட்டுத்தான் விட வேண்டும். பைப்புத் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை அப்படியே விட்டால் மீனும் போகும், பாக்டீரியாவும் போகும். கே1 உருளைகளை அலசுவதானாலும் குளத்துத் தண்ணீரிலேயே அலச வேண்டும்.

கரண்ட் போனால் மோட்டார் நிற்பதை மீன் கொஞ்ச நேரம் பொறுக்கும், காற்று நிற்பதைப் பொறுக்காது. ஏர் பம்ப் 60 வாட்ஸ் அளவுதான். அதற்குத் தனியாக இன்வெர்ட்டர் லைன் இழுத்துவிடலாம்.

மீனை அவசரப்பட்டு வாங்காதே. புது ஃபில்டர் பழக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதலில் இரண்டு மூன்று குஞ்சு மட்டும் விட்டு அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று நானே டெஸ்ட் கிட்டில் பார்க்கிறேன். பிறகு வாங்குகிற ஒவ்வொன்றையும் மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கோய்க்கு ஒரு ஹெர்பிஸ் வைரஸ் நோய் உண்டு, அதற்கு மருந்து கிடையாது. மொத்தம் பதினைந்து மீனுக்கு மேல் வேண்டாம். பாப்பா கேட்ட வெள்ளையில் சிவப்புத் திட்டு போட்டதற்கு கோஹாகு என்று பெயர். ஜப்பானில் நீகாத்தா மலைப்பக்கம் நெல் விளைவித்த குடியானவர்கள் சாப்பிட வளர்த்த கெண்டையில் 1820-களில் நிறம் வந்ததைக் கவனித்துப் பிரித்துப் பெருக்கியதுதான் இந்த இனம். 1914-ல் டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் மற்ற ஊர்க்காரர்களுக்கே தெரிந்ததாம். வெள்ளாமைக்காரர்கள் உண்டாக்கிய மீன் என்று அவளுக்குச் சொல்.

மேஸ்திரி வைகாசிக் கடைசியில் வருகிறேன் என்கிறார். ஆடிக் காத்துக்கு முன்னால் தரை கான்கிரீட் போட்டுவிடலாம். அடி வடிகால் பைப் அதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பிறகு வைக்க வேண்டுமென்றால் தரையை உடைக்கத்தான் வேண்டும். அதனால் ஆழம் ஐந்து அடிக்குச் சரியா, இன்வெர்ட்டர் லைனுக்குச் சரியா என்று இந்த வாரத்துக்குள் எழுது. ஃபில்டர் தொட்டிக்கு இடம் வேண்டி துவைக்கிற கல்லை அக்கட்ட நகர்த்த அம்மா ஒத்துக்கொண்டாள். அருவிக்குக் கல் தேர்ந்தெடுப்பது உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். உன் பதில் வந்ததும் பைப் வாங்க அவினாசிக்குப் போய்விட்டு வருகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா