பாலாத்துல வெள்ளம் வந்தா மட்டும் எங்க நம்பர் வேணுமா? வேலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நிர்வாகத்துல பொறுப்புல இருக்குற அய்யா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

குடியாத்தம் பக்கத்து கிராமத்துல இருந்து எழுதுறேன். எங்க இளைஞர் சங்கத்துல பதினொரு பேரு, ஷூ கம்பெனி, தறி, ஆட்டோன்னு ஆளுக்கு ஒரு பொழப்பு, ஞாயித்துக்கிழமையானா ஏரிக்கரையில நிப்போம். 2021 நவம்பர்ல பாலாத்துல தண்ணி கரை பொரண்டு வந்துச்சே, அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு உங்க ஆளுங்ககிட்ட இருந்து போன், "தம்பி, பசங்கள கூட்டிக்கினு வாப்பா, பள்ளிக்கூடத்துல சனங்கள தங்க வெச்சிருக்கோம், சாப்பாட்டுக்கு ஆள் இல்ல"ன்னு. போனோம். அன்னைக்கு யாரும் பதிவு நம்பர் கேக்கல, ஆடிட் ரிப்போர்ட் கேக்கல.

அதே பசங்க அப்புறம் ஏரிக்கு தண்ணி வர்ற கால்வாய தூர் வார உதவி கேட்டு போனோம். முழுக்க வேலிகாத்தான் முள்ளு, உள்ள ஆள் நொழைய முடியாது. 'நமக்கு நாமே' திட்டத்துல பொதுவா குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், அது சரிதான், ஊர் காசும் உள்ள இருந்தா தான் ஊருக்கே அக்கறை வரும். ஆனா நாங்க போன ஆபீஸ்ல பணமா தான் கட்டணும்னு சொல்லிட்டாங்க. எங்ககிட்ட பணம் இல்லிங்க, வெட்டுறதுக்கு கை இருக்கு, அந்த உழைப்புக்கு ஒரு கூலி போட்டு எங்க பங்குல வரவு வெக்கணும்னு எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க.

இன்னொரு வேலையில முதல்ல நீங்க செலவு பண்ணுங்க, பில்லு குடுத்தா பணம் வரும்னாங்க. எங்க பொருளாளர் அவங்க அம்மா காதுத் தோட்ட அடகு வெச்சு ஜேசிபி வாடகை குடுத்தான். டீக்கடை அக்கா காலண்டர் தாளு பின்னாடி "டீ 46, பன்னு 20"ன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்துச்சு, அது பில்லே இல்லன்னு திருப்பிட்டாங்க. மீதி பணம் வர ஏழு மாசம், அதுவரைக்கும் வட்டி கட்டுனது அவன். இப்ப அவன் சங்கத்துக்கு வர்றதில்ல, நானும் கூப்பிடுறதில்ல, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடுறது?

பெரிய அமைப்புங்க இதெல்லாம் தாங்கும். சங்கப் பதிவு சட்டம் 1975ல வந்தது, ஏழு பேர் சேந்தா பதியலாம், அதுவரைக்கும் சுலபம். அப்புறம் வருஷா வருஷம் கணக்கு தாக்கல், ஆடிட்டர் பீஸ், அதுக்கே எங்க சந்தா பூரா போயிடுது. பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு செலவு பண்ணணும்னு 2014ல இருந்து சட்டம் இருக்கு, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பக்கம் கம்பெனிக்கு பஞ்சமா? ஆனா கேட்டு போனா வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, மூணு வருஷ அனுபவம், இதெல்லாம் இருக்கான்னு தான் முதல் கேள்வி.

அரசாங்கம் கை குடுத்தா இன்னா ஆகும்னு நம்ம மாவட்டத்துலயே பாத்திருக்கோம். நாகநதியில நூறு நாள் வேலைக்கு போன பொம்பளைங்க தான் உறை கிணறு மாதிரி குழி எறக்கி மழைத்தண்ணிய பூமிக்குள்ள அனுப்புனாங்க. கூலி அரசாங்கத்து பணம், வழி காட்டுனது தொண்டு அமைப்பு. 1989ல தர்மபுரியில மகளிர் குழு ஆரம்பிச்சப்பவும் அரசு பின்னாடி நின்னுச்சு, அதனால தான் இன்னைக்கு ஊருக்கு ஊரு குழு இருக்கு.

அதனால கேக்குறேன், சின்ன சங்கத்துக்கு ஒதுக்குற பணத்துல பாதியாவது வேலை தொடங்குறதுக்கு முன்னாடி குடுங்க, மீதிய வேலைய பாத்துட்டு குடுங்க. சில்லறை செலவுக்கு சங்கத்து தீர்மானத்தோட கையெழுத்து சீட்டு போதும்னு ஏத்துக்கங்க. திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல ஒரு மேசை போட்டு, படிவம் பூர்த்தி பண்ணவும் கணக்கு எழுதவும் சொல்லிக் குடுக்க ஒரே ஒரு ஆள உக்கார வைங்க, பாதி பிரச்சினை அங்கயே தீந்துடும்.

வர்ற திங்கக்கிழமை மனுவோட நாங்க வர்றோம். அந்த காலண்டர் தாளையும் எடுத்துனு வருவேன், பாருங்க.