அவுட்பாக்ஸ்ல தூங்கின நாலு கடிதம்

கண்ணு,

பசியாறிட்டியா? இங்க சுங்கை சிப்புட்ல ரெண்டு நாளா விடாத மழை, செம்பனை லாரியெல்லாம் சடக்குல சேத்த வாரி எறைச்சுட்டு போவுது. துணி காயப்போட எடமில்லாம உங்கம்மா என் கம்ப்யூட்டர் நாற்காலி முதுகுல ஈரத் துண்ட போட்டு வெச்சிருக்கா, அதுல சாஞ்சுக்கிட்டுதான் இத அடிக்கிறேன்.

போன ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல கேட்ட பாரு, "ஏன்ப்பா இப்பல்லாம் மெயிலே போடறதில்ல"ன்னு, எனக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு. மூணு வாரமா நாலு கடிதம் போட்டிருக்கேன், புள்ள ஒரு வரி பதில் எழுதலையேன்னு நான் உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருக்கேன், நீ என்னடான்னா மெயிலே வரலங்கற. உங்கம்மாகிட்ட கூட சொல்லி வெச்சிருந்தேன், அவளா சொல்லட்டும், நீ ஒண்ணும் கேக்காதேன்னு. பெர்த்துக்கும் நமக்கும் நேரம் ஒண்ணுதானே, ராத்திரி பகல்னு சாக்கு கூட சொல்ல முடியாதேன்னெல்லாம் கணக்கு போட்டேன். வெக்கமாத்தான் இருக்கு.

போன வெச்ச கையோட மெயில் பாக்கற அவுட்லுக்க தொறந்து பாத்தா, இடது பக்கம் அவுட்பாக்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, அது பக்கத்துல 4-னு நம்பர். நாலும் அங்கயே படுத்துக் கெடக்குது. தமிழ்ல அடிக்கறதுக்குன்னு நம்ம முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ல அடிச்ச கடிதம், அஞ்சலே ஆகாம உக்காந்திருக்கு பாத்தியா.

எனக்கு எங்க ஏமாந்து போச்சுன்னா, வர மெயிலெல்லாம் ஒழுங்கா வந்துக்கிட்டு இருந்துச்சு. கோயில் கமிட்டி மினிட்ஸ் வருது, கரண்ட் பில்லு வருது. வரது வந்தா போறதும் போவும்னு நெனச்சேன். நான் தோட்டத்துல கிராணியா இருந்த காலத்துலயே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இது. டவுன்லேர்ந்து வர தபால் பைய யாரு வேணா பிரிச்சு அடுக்கலாம், ஆனா வெளிய போற கடிதம் டெஸ்பாட்ச் புக்குல ஏறி, ஸ்டாம்ப் ஒட்டி, தனி வழியா போவணும். மெயில்லயும் அப்படித்தான், வாங்கறதுக்கு ஒரு சர்வர், அனுப்பறதுக்கு வேற சர்வர். ஒண்ணு ஓடும், இன்னொண்ணு படுத்துரும்.

ஏன் எனக்கு ஒரு எச்சரிக்கையும் வரலன்னு கேப்ப. வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டி மேல எகிறி வந்து தொல்ல குடுக்குதேன்னு, இனிமே காட்டாதேங்கற கட்டத்துல நானே டிக் போட்டு வெச்சிருக்கேன். அத எடுத்து விட்டு பாத்தா, 0எக்ஸ்80042109-னு லாரி நம்பர் மாதிரி ஒரு எரர். அனுப்பற சர்வர தொட முடியலைன்னு அதுக்கு அர்த்தமாம்.

டவுன்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கானே அந்த சீனப் பையன், அவன்கிட்ட எரர எழுதிக்கிட்டு போயி காட்டினேன். காயிதத்த பாத்தான், எந்த நம்பர்ல போவுதுன்னு கேட்டான், 25-ன்னேன். "அங்கிள், போர்ட் சாலா லா", அதான் மெயில் போற வாசல் நம்பரே தப்புன்னுட்டு சிரிக்கிறான். வீட்டுக்கு வந்து பாக்க அம்பது வெள்ளின்னான், அம்பது வெள்ளிக்கு நான் ஒரு வாரம் மீன் வாங்குவேன், நானே பாத்துக்கறேன்னு வந்துட்டேன்.

விஷயம் என்னன்னா, நம்ம பழைய போன் லைன எடுத்துட்டு தைப்பூசத்துக்கு முன்னாடி ஃபைபர் போட்டோம்ல, வேற கம்பெனி. நீ தீபாவளிக்கு வந்தப்போ மெயில் வாங்கற பக்கத்த ஜிமெயிலுக்கு மாத்தி குடுத்துட்ட, அனுப்பற பக்கம் பழைய லைன் கம்பெனி சர்வர்லயே இருந்துச்சு, ஓடிக்கிட்டு இருந்ததால யாரும் கை வெக்கல. உன்ன குத்தம் சொல்லல, ஓடற மோட்டார யாரு பிரிப்பா? இப்போ லைன் மாறினதும் அனுப்பற வழி ரெண்டு முனையிலயும் அடைச்சிருச்சு. பழைய கம்பெனி சர்வர் அவன் லைன்லேர்ந்து வரவங்களத்தான் உள்ள விடும், புது லைன்ல 25-ஆம் நம்பர் வாசலே மூடியிருக்கு. அந்த 25 வந்து சர்வரும் சர்வரும் பேசிக்கற வாசல், போஸ்டாபீஸும் போஸ்டாபீஸும் பைய மாத்திக்கற பின்வாசல்னு வெச்சுக்கயேன். வைரஸ் புடிச்ச வீட்டு கம்ப்யூட்டரெல்லாம் அது வழியா குப்பை மெயில கொட்ட ஆரம்பிச்சதும் நெறைய லைன்காரங்க வீட்டுக்கு அத அடைச்சுட்டாங்க. நம்மள மாதிரி ஆளுங்க கொண்டு போயி குடுக்கற கவுண்டர் 587, இல்லன்னா 465. இந்த 587-அ 1998-லயே இதுக்குன்னு ஒதுக்கிட்டாங்களாம், நம்ம வீட்டுக்குத்தான் அந்த சேதி இப்ப வந்து சேந்துருக்கு.

ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், சேஞ்ச்னு உள்ள போயி அனுப்பற சர்வர் பேர எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்னு மாத்தினேன். மோர் செட்டிங்ஸ்ல அவுட்கோயிங் சர்வர்னு ஒரு பக்கம், அங்க எனக்கு லாகின் வேணும்னு ஒரு டிக், அதுக்குக் கீழ வாங்கறதுக்கு போட்ட அதே பேர் பாஸ்வேர்டையே வெச்சுக்கன்னு இன்னொண்ணு, ரெண்டும் வேணும். அப்புறம் அட்வான்ஸ்ட்ல 587. அங்கதான் ஒரு மணி நேரம் போச்சு. 587 போட்டுட்டு, பக்கத்துல எந்த பூட்டுன்னு கேக்கற எடத்துல எஸ்எஸ்எல்னு தேர்ந்தெடுத்துட்டேன், டெஸ்ட் பட்டன அமுக்கினா சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்குது. 465-க்குத்தான் எஸ்எஸ்எல், 587-க்கு டிஎல்எஸ். மாத்தி அமுக்கினேன், மேல் வரிக்கு ஒரு பச்ச டிக், அடி வரிக்கு ஒரு பச்ச டிக். "ஏய் இங்க வா"ன்னு கத்தினேன், உங்கம்மா கரண்டியோட ஓடி வந்து "இதுக்கா"ன்னுட்டு போயிட்டா.

அப்பவும் பழைய நாலு கடிதமும் போவல பாத்துக்க! புதுசா எழுதினது பறந்துருச்சு, நாலும் அசையல. அதுக்கு நான்தான் காரணம். அவுட்பாக்ஸ்ல கெடக்கறத இருக்கா இருக்கான்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்து மூடினேன்ல, தொறந்து பாத்துட்டு சென்ட் அமுக்காம மூடினா அது அனுப்பற வரிசையிலேர்ந்து எறங்கிரும். வரிசையில நிக்கற மெயில் எழுத்து சாஞ்சு இருக்கும், எறங்கிருச்சுன்னா நேரா நின்னுரும். என் நாலும் விறைப்பா நிக்குதுங்க. ஒவ்வொண்ணா தொறந்து திரும்ப சென்ட் அமுக்கினேன்.

உன் தம்பி வந்து ஜிமெயில் பாஸ்வேர்ட மாத்தறேன்னான், கைய வெக்காதேன்னுட்டேன். மாத்தினா அவுட்லுக்குக்குன்னு நீ தனியா எடுத்து குடுத்த 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டும் செத்துரும், அப்புறம் வரதும் நின்னுரும். அது பஞ்சாங்கத்துக்குள்ள பத்திரமா இருக்கு, திட்டாத.

உன் சித்தப்பா வீட்ல வேற கூத்து, அங்க வரதும் இல்ல போறதும் இல்ல, சர்டிபிகேட் சரியில்லன்னு சொல்லுது. போயி பாத்தா கம்ப்யூட்டர் தேதி 2009, அந்த தேதிக்கு சர்வரோட சர்டிபிகேட் செல்லாதுல்ல. இடிக்கு பயந்து தெனம் சாயங்காலம் பிளக்க புடுங்குறாரு, உள்ள இருக்கற காசு மாதிரி பேட்டரி தீந்து போச்சு, கரண்டு இல்லாதப்போ கடியாரம் பழைய தேதிக்கு போயிருது. சிஆர் 2032-ன்னு கேட்டு வாங்கி போட்டேன், சரியாயிருச்சு. இப்போ நம்ம வரிசை வீட்டுக்கெல்லாம் நான்தான் டாக்டரு.

கோயில் பொருளாளருக்கு திருவிழா படம் ரெண்டு அனுப்பினேன், ஒண்ணு 4 எம்பி. அவரு ஆபீஸ் சர்வர் 10 எம்பி வரைக்கும் வாங்கும், 8-தானேன்னு அனுப்பினா அளவு மீறிருச்சு, 552-ன்னு திரும்பி வருது. படத்த மெயில்ல ஏத்தறப்போ எழுத்தா மாத்தித்தான் ஏத்துமாம், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேலயே வீங்கிருது. அதனால உனக்கு படத்த மெயில்ல வெக்கல, டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்திருக்கேன். 17-ஆவது படத்துல ஆயா தீச்சட்டிக்காரங்களுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறாங்க, பெருசாக்கி பாரு.

நாலு கடிதமும் செவ்வாக்கெழம ராத்திரி ஒண்ணா வந்திருக்கும். மூணாவதுல கொஞ்சம் கோவமா எழுதியிருப்பேன், அத அழிச்சுட்டு மத்தத அனுப்புங்கன்னு உங்கம்மா சொன்னா, எனக்குத்தான் அடிச்சத அழிக்க மனசு வரல. நீ அத கடைசியா படி. நாலாவதுல உங்கம்மா ஜாக்கெட் அளவு கேட்டிருக்கா, தையக்காரம்மா வெள்ளிக்கெழம வராங்களாம், அதுக்கு மட்டும் மொதல்ல பதில் போடு.

அப்பா